வாயிலில் நிற்கும் நூலகர்: இணையத்தளத்தின் வழிகாட்டிப் பட்டி

ஓர் ஊரின் பொது நூலகத்துக்கு ஒருவர் முதன்முறையாக வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய பத்திரிகை ஒன்றை அவர் பார்க்கவேண்டும். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் வாயிலிலே சற்றுத் தயங்கி நிற்கிறார். அத்தயக்கத்தைக் கண்ட நூலகர் தலையை நிமிர்த்தி, "என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். பத்திரிகைகள் மேல்மாடியில் வலப்பக்கத்து அறையில் இருக்கின்றன என்ற விடை கிடைக்கிறது. அரை நிமிடத்தில் அலுவல் முடிந்துவிடுகிறது.

அதே நூலகம் இப்போது இணையத்தளம் ஒன்றை அமைக்கிறது. இனி வாசகர் நள்ளிரவிலும் வரலாம். கடல் கடந்த நாட்டிலிருந்தும் வரலாம். ஆனால் வாயிலில் நூலகர் இல்லை. தயங்கி நிற்பவரின் முகத்தை நோக்குவாரும் இல்லை. அவருக்கு வழி சொல்வதற்கு அங்கே இருப்பவை, பக்கத்தின் தலைப்பகுதியில் வரிசையாக நிற்கும் சில சொற்கள் மாத்திரமே. 'முகப்பு', 'நூல் தேட', 'தொடர்பு' என்பன போன்ற அச்சொற்களின் வரிசையைக் கணினித் துறையினர் பட்டி என்பர். மெனு என்று பலரும் வழங்குவது இதனையே. பட்டி செம்மையாக அமைந்தால் வாயிலில் நூலகர் நிற்கிறார் எனலாம். அது பிழையாக அமைந்தால், உள்ளே எத்துணைச் செல்வம் இருப்பினும், வந்தவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். தாம் தேடியது அங்கே இல்லை என்றே அவர் எண்ணிச் செல்வார். இருந்தும் இல்லாததாகிவிடும் இந்நிலையே இணையத்தளம் அமைப்போர் அஞ்சவேண்டிய நிலையாகும்.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஒரு பக்கத்திலுள்ள சொல்லிலிருந்து வேறொரு பக்கத்துக்குத் தாவிச் செல்லும் எழுத்துமுறைக்கு மீயுரை என்பது பெயர். ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லை 1965ஆம் ஆண்டில் வழங்கியவர் தியடோர் நெல்சன் என்னும் அமெரிக்கர். 1989இல் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ண் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ, அம்முறையைக் கொண்டு தம் நிலையத்தின் அறிவுச் செல்வத்தைக் காக்க ஒரு திட்டம் தீட்டினார். அங்கு ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் பணிபுரிந்து பின்னர் சென்றுவிடுவர். அவர்கள் அறிந்தவையும் அவர்களுடனேயே சென்றுவிடும். அவ்விழப்பைத் தடுப்பதே அவருடைய நோக்கமாயிருந்தது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதலாவது இணையத்தளம் இயங்கத் தொடங்கியது. 1991 ஒகஸ்ட் மாதத்தில் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அதே 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கோபர் என்னும் வேறொரு முறையும் பிறந்தது. அதில் எல்லாம் பட்டிகளே. ஒரு பட்டியைத் திறந்தால் அதற்குள் இன்னொரு பட்டி, அதற்குள் மற்றொன்று, கடைசியில் வேண்டிய ஏடு. மரத்தின் அடியிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து கொம்புக்கும் ஏறுவது போன்ற ஒழுங்கு அது. பேர்ணர்ஸ்-லீயின் வலையோ எப்பக்கத்திலிருந்தும் எப்பக்கத்துக்கும் செல்ல இடமளித்தது. அந்தச் சுதந்திரமும் உலகினரைக் கவர்ந்தது. சில ஆண்டுகளுள் வலை கோபரை முந்திவிட்டது. ஆயின், சுதந்திரத்தோடு ஒரு துன்பமும் வந்து சேர்ந்தது. இணைப்பிலிருந்து இணைப்புக்குத் தாவிச் சென்றவர், தாம் எங்கே நிற்கிறார், எவ்வழியாக வந்தார், எப்படித் திரும்புவது என்று அறியாமல் திகைத்தார். இதனாலேதான், தாவும் சுதந்திரத்தை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு பக்கத்திலும் மாறாத பட்டி ஒன்றையும் வைக்கும் வழக்கம் நிலைபெற்றது. இன்றைய நல்ல இணையத்தளம், மரத்தின் ஒழுங்கும் வலையின் சுதந்திரமும் கலந்த ஒன்றாகும்.

இனி, வார்ப்புரு என்பது யாது என நோக்கலாம். தொடக்க காலத்தில் இணையத்தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே கையால் எழுதப்பட்டது. 50 பக்கங்கள் கொண்ட தளமாயின், பட்டியும் 50 முறை எழுதப்பட்டிருக்கும். பட்டியில் ஒரு சொல்லை மாற்றவேண்டின் 50 இடங்களில் மாற்றவேண்டும். 49 பக்கங்களில் மாற்றியவர் ஒன்றை மறந்துவிடுவார்; அந்த ஒரு பக்கத்துக்கு வந்த வாசகர் இல்லாத இடத்துக்கு அனுப்பப்படுவார். இத்தொல்லையைப் போக்க எழுந்ததே வார்ப்புரு. விளக்கு வார்ப்பவர் ஓர் அச்சை வைத்துக்கொண்டு ஒரே வடிவிற் பல விளக்குகளை வார்ப்பது போல, தலைப்பகுதி, பட்டி, அடிப்பகுதி ஆகியவற்றை ஓரிடத்தில் ஒருமுறை அமைத்துவிட்டு, நடுவிலுள்ள செய்தியை மாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளும் முறை இது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கங்களிலும் திருந்திவிடும். அச்சில் உள்ள குறை வார்க்கப்படும் ஒவ்வொரு விளக்கிலும் தோன்றும் என்பதையும் மறந்துவிடலாகாது. பட்டியில் நேர்ந்த ஓர் எழுத்துப்பிழை, தளத்தின் ஆயிரம் பக்கங்களிலும் ஆயிரம் முறை நின்று நகைக்கும்.

உலகெங்கும் பெருவழக்கிலுள்ள வேர்ட்பிரெஸ் என்னும் மென்பொருளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மென்பொருளில், 2010இல் வந்த 3.0ஆம் பதிப்பு முதல், பட்டி அமைக்கும் வேலை இரு கூறாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வார்ப்புருவை ஆக்குபவர் பட்டி நிற்கவேண்டிய இடங்களுக்குப் பெயரிட்டுப் பதிவு செய்கிறார். தலைப்பகுதியில் ஒன்று, அடிப்பகுதியில் ஒன்று என்பது பொதுவான ஏற்பாடு. எத்தனை அடுக்கு வரை கிளைகள் விரியலாம் என்பதனையும் அவரே வரையறுக்கிறார். பின்னர், தளத்துக்கு உரியவர், எந்தப் பக்கங்கள் பட்டியில் இடம்பெற வேண்டும், எவ்வரிசையில் நிற்க வேண்டும், எதன்கீழ் எது அடங்கவேண்டும் என்பனவற்றைத் தீர்மானிக்கிறார். தச்சர் சுவரில் இராக்கையை அடித்துக் கொடுக்கிறார். அதில் எதை எங்கே வைப்பது என்பது வீட்டாரின் பொறுப்பு. 2022ஆம் ஆண்டின் 5.9ஆம் பதிப்பு முதல் இவ்விரு வேலைகளையும் ஒரே திரையிற் செய்யும் வசதி வந்துள்ளதாயினும், பொறுப்பு இரண்டு என்பதில் மாற்றமில்லை.

இவ்விரண்டாவது பொறுப்பைப் பலர் நினைப்பதில்லை. வார்ப்புருவைப் பெற்று நிறுவியதும் தளம் ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணுகின்றனர். உரியவர் பட்டியை வகுக்காது விட்டால், பல வார்ப்புருக்கள் தளத்திலுள்ள பக்கங்களைத் தாமே எடுத்து வரிசையாகக் கொட்டிவிடும். அரைகுறையாக எழுதி வெளியிட்ட பக்கமும், பரீட்சார்த்தமாக வைத்த பக்கமும், முடிந்துபோன விழாவின் அறிவித்தலும் முகப்பில் வந்து நிற்கும். வாயிலில் நூலகரை நிறுத்தாத இடத்தில் களஞ்சிய அறையின் கதவு திறந்து கிடப்பது போன்றது இது.

அவ்வாறாயின் பட்டியை வகுப்பது எங்ஙனம்? கணினியைத் தொடுமுன் காகிதத்தைத் தொடுவதே நன்று. மேற்சொன்ன நூலகத்தின் தளத்தில் 30 பக்கங்கள் அமையவுள்ளன எனக் கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் தனித்தனி அட்டையில் எழுதவேண்டும். பின்பு அவ்வட்டைகளை நூலகத்துக்கு வழக்கமாக வரும் சிலரிடம் கொடுத்து, ஒன்றோடொன்று சேரவேண்டியவற்றைச் சேர்த்து அடுக்குமாறும், ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பெயர் சூட்டுமாறும் கேட்கவேண்டும். ஒரு பாடசாலை மாணவி, ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பிள்ளையை அழைத்துவரும் ஒரு தாய் எனப் பலதிறத்தாராக அவர்கள் இருத்தல் நன்று. இதற்கு அட்டை அடுக்கும் முறை என்று பெயர். செலவு சில அட்டைகளும் ஒரு மாலைப்பொழுதும் மாத்திரமே.

இச்சிறு சோதனையில் வெளிப்படும் உண்மை பெரிது. நூலகத்தின் உத்தியோகத்தர்கள் அடுக்கினால், நிருவாகம், கணக்கு, கொள்வனவு, பகுப்பாக்கம் என்று தம் கந்தோரின் பிரிவுகளைப் பின்பற்றியே அடுக்குவர். வாசகர் அடுக்கினால், நூல் தேட, அங்கத்தவராகச் சேர, திறந்திருக்கும் நேரம், சிறுவர் பகுதி, பழைய பத்திரிகைகள் என்று தம் தேவைகளைப் பின்பற்றி அடுக்குவர். முன்னதில் நிறுவனத்தின் அமைப்புத் தெரிகிறது. பின்னதில் வாசகரின் மனம் தெரிகிறது. அங்கத்தவர் விண்ணப்பப் படிவம் எந்தப் பிரிவின் பொறுப்பில் உள்ளது என்பது உத்தியோகத்தருக்கு முக்கியமாயிருக்கலாம். அதனைத் தேடி வந்த தாய்க்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை. இணையத்தளங்கள் பலவற்றில் வாசகர் வழி தவறுவதற்குத் தலையாய காரணம், பட்டி கந்தோரின் கண்கொண்டு வகுக்கப்பட்டிருப்பதேயாகும்.

நூல்களை ஒழுங்குபடுத்துவதிலே இவ்வுண்மையைக் கணினிக் காலத்துக்கு முன்னரே உணர்ந்த தமிழ்நாட்டு அறிஞர் ஒருவர் உளர். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதனே அவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகருடைய நேரத்தை வீணாக்காமையைப் பற்றியது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே செல்லும் உயிர்ப்பொருள் என்பதனைப் பற்றியது. 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையோ, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைத்துவிடாமல், அதனைப் பல முகங்களிலிருந்து நோக்க வழி செய்தது. பொருள் ஒரு முகம். இடம் ஒரு முகம். காலம் ஒரு முகம். இன்று இணையத்தளங்களில் ஆண்டு, இடம், வகை என்று தெரிவு செய்து தேடும் வசதிக்கு அடிப்படையாயுள்ள கருத்தும் இதுவே.

இலங்கைத் தமிழருடைய எழுத்துக்களைத் திரட்டிப் பேணும் நூலகம் என்னும் இணைய நூலகம் 2005ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே ஒரே ஏட்டைப் பல வாயில்கள் வழியாக அடையலாம். நூல், இதழ், பத்திரிகை, பிரசுரம் என்ற வகை வழியாகச் செல்லலாம். எழுத்தாளர் பெயர் வழியாகச் செல்லலாம். வெளிவந்த ஆண்டு வழியாகவும் செல்லலாம். எழுத்தாளரின் பெயரை மறந்து, ஆண்டை மாத்திரம் நினைவில் வைத்திருப்பவர் அங்கு வெறுங்கையுடன் திரும்பவேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு வழி மறந்துவிடும். எல்லா வழிகளும் மறப்பது அரிது.

பட்டியில் எத்தனை சொற்கள் நிற்கலாம் என்ற வினா அடிக்கடி எழுவதுண்டு. ஏழுக்கு மேல் ஆகாது என்று சிலர் உறுதியாகக் கூறுவர். இக்கூற்று ஜோர்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1956இல் எழுதிய ஒரு கட்டுரையை ஒட்டி எழுந்தது. மனிதர் உடனடி நினைவில் ஏறத்தாழ ஏழு பொருள்களையே தாங்கிக்கொள்வர் என்பதைப் பற்றி அதில் அவர் ஆராய்ந்தார். ஆனால் பட்டி நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்றன்று, கண்முன்னே நிற்பது. எனவே அவ்வெண்ணைப் பட்டிக்குச் சட்டமாக்குதல் பொருந்தாது. 1981இல் வேறொரு மில்லர், டுவைட் மில்லர் என்பவர், பட்டியையே எடுத்துச் சோதனை செய்தார். 64 பொருள்களைப் பலவகையாக அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டே தெரிவுகள் வைத்தால் ஆறு படிகள் இறங்கவேண்டும். எட்டு எட்டாக வைத்தால் இரண்டே படிகள். எல்லாவற்றையும் ஒரே பட்டியில் வைத்தால் ஒரே படி. இவற்றுள் எட்டு எட்டாக இரு படிகளில் அடுக்கியதே தேடுவோர்க்கு மிகவும் இலகுவாயிருந்தது. ஆழமான கிணற்றிலும் அகன்ற குளத்திலே நீர் மொள்வது எளிது. ஆயின் கரை தெரியாத அளவுக்கு அகன்றுவிடலும் ஆகாது என்பதே இதன் கருத்தாகும்.

எண்ணிக்கையினும் மேலானது சொல். பட்டியிலுள்ள சொல் ஒரு வாக்குறுதி. 'சேவைகள்' என்று ஒரு சொல் நின்றால், அதற்குள் என்ன இருக்கும் என்று எவராலும் ஊகிக்க முடியாது. 'நூல் இரவல் பெற' என்று நின்றால் ஐயமே இல்லை. 'இங்கே அழுத்துக' என்பது எதனையும் சொல்லாத சொல். பட்டியில் ஒரு பெயரும், உள்ளே சென்றபின் பக்கத்தின் தலைப்பில் வேறொரு பெயரும் இருந்தால், வாசகர் தவறான இடத்துக்கு வந்துவிட்டதாக எண்ணித் திரும்பிவிடுவார். ஆகையால் வெளியில் எழுதிய பெயரே உள்ளேயும் இருத்தல் வேண்டும்.

தமிழிற் பட்டி அமைப்போர்க்குத் தனியான கவலைகள் சில உள. வார்ப்புருக்களுட் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் நாலெழுத்திற் சொல்லக்கூடியது தமிழிற் பத்தெழுத்தாக நீளும். ஒரு வரியில் அடங்கிய பட்டி இரண்டு வரிகளாக உடையும். வரிக்கு விடப்பட்ட உயரம் குறைவாயின், இகர ஈகாரக் கொம்புகள் மேலேயும், உகர ஊகாரச் சுழிகள் கீழேயும் வெட்டுண்டு போகும். 'கி' எது, 'க' எது என்று தெரியாத பட்டியால் எவருக்குப் பயன்? ஆகவே வரியின் உயரத்தைக் கூட்டுவதும், சுருங்கிய தமிழ்ச் சொற்களைத் தேர்வதும் முதற் கடமையாகும். ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்து முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அது பரவுவதற்கு முன், தளத்துக்குத் தளம் வேறு வேறு எழுத்துருக்கள் வழங்கிய காலத்தில், பட்டியின் சொற்களைப் படமாக்கி ஒட்டுவது உண்டு. இன்று அதற்குத் தேவையில்லை. படமாகிய சொல்லைத் தேடுபொறி எழுத்தாகக் காண்பதில்லை. கண்பார்வையற்றோரின் கருவியும் அதனை வாசிப்பதில்லை.

இலங்கையிலே சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாகவும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகவும் உள்ளன. ஆதலால் பொது நிறுவனமொன்றின் தளத்தில் மும்மொழிக்கும் வாயில் வேண்டும். அவ்வாயிலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதப்படுதல் முறை. தமிழ் மாத்திரம் அறிந்தவர் ஆங்கில எழுத்தில் உள்ள 'தமிழ்' என்ற சொல்லை எவ்வாறு காண்பார்? அதனை அழுத்தியதும் அவர் பார்த்துக்கொண்டிருந்த அதே பக்கம் தமிழில் வரவேண்டுமேயன்றி, முகப்புக்குத் தள்ளப்படலாகாது. செய்தி தமிழிலும் பட்டி ஆங்கிலத்திலுமாக அமைந்த தளம், வீட்டுக்குள் அழைத்துவிட்டு அறைக் கதவுகளைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

இதுகாறும் கூறியவை கண்ணாற் காண்போரைப் பற்றியவை. காதாற் கேட்டே இணையத்தளத்தை அறிவோர் பலர் உளர். கண்பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், பக்கத்திலுள்ளவற்றை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லும். பார்ப்பவர் பட்டியை ஒரு நொடியிற் கடந்து செய்திக்குச் சென்றுவிடுவார். கேட்பவரால் அவ்வாறு கடக்க முடியாது. இதனை வானொலி நேயர்கள் எளிதில் உணர்வர். ஒவ்வொரு செய்தியறிக்கைக்கும் முன்னர், அறிவிப்பாளர் அன்றைய நிகழ்ச்சி நிரல் முழுவதையும் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கும்! பட்டியில் 20 சொற்கள் இருக்குமாயின், பக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த 20 சொற்களும் அவர் செவியில் விழும். அதன் பின்னரே செய்தி வரும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. அது கடினமானதும் அன்று. பட்டிக்கும் முன்பாக, 'உள்ளடக்கத்துக்குச் செல்க' என்ற ஓர் இணைப்பை வைத்துவிட்டால், கேட்பவர் அதனை அழுத்தி நேரே செய்திக்குச் சென்றுவிடலாம். பக்கங்களை எழுதும் மொழியாகிய எச்.ரி.எம்.எல்.இன் ஐந்தாம் பதிப்பு 2014 ஒக்ரோபரில் உறுதி செய்யப்பட்டது. அதில், இப்பகுதி வழிகாட்டும் பட்டி என்று சுட்டுவதற்காகவே நாவ் என்னும் தனிக் குறிச்சொல் ஒன்று உண்டு. பட்டியை அதற்குள் வைத்து, சொற்களை முறையான நிரலாக எழுதினால், திரைவாசிப்பான் "பட்டி, இத்தனை உருப்படிகள்" என்று முன்கூட்டியே அறிவிக்கும். கேட்பவர் வேண்டுமாயின் நின்று கேட்பார். வேண்டாவிடின் தாண்டிச் செல்வார். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிகளும் இவற்றையே வற்புறுத்துகின்றன. பக்கந்தோறும் திரும்ப வரும் பகுதியைத் தாண்டிச் செல்ல வழி வேண்டும். பட்டியின் வரிசை பக்கத்துக்குப் பக்கம் மாறலாகாது. ஒரு பக்கத்தை அடையப் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வேண்டும் என்பன அவற்றுட் சில.

கைந்நடுக்கமுற்ற முதியவர் ஒருவரையும் ஈண்டு நினைத்தல் தகும். சுட்டியைச் சொல்லின்மேல் கொண்டுசென்றதும் விரிந்து, சற்று விலகியதும் மறைந்துவிடும் கிளைப்பட்டிகள் உள. நடுங்கும் விரல்களுக்கு அவை கானல் நீராகும். விசைப்பலகை ஒன்றினாலேயே பட்டி முழுவதையும் திறக்கவும் மூடவும் இயலவேண்டும். திறந்த பட்டி, திறந்தவர் மூடும் வரை நிற்கவேண்டும். இது சிலருக்கான சலுகையன்று. கண்பார்வையற்றோருக்காகச் செம்மை செய்த பட்டி, கைத்தொலைபேசியில் ஒற்றைக் கையால் தேடுபவருக்கும், மெதுவான இணைப்பில் காத்திருப்பவருக்கும் அவ்வாறே பயன் தருகிறது.

கைத்தொலைபேசியின் சிறிய திரையில் பட்டி முழுவதையும் விரித்து வைக்க இடமில்லை. ஆதலால் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள் கொண்ட ஒரு குறியின் பின்னால் அதனை மறைத்து வைப்பது வழக்கம். அக்குறி கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. 1981இல் வெளிவந்த செரொக்ஸ் ஸ்ரார் என்னும் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் என்பவர் வரைந்தது அது. பழகியவர்க்கு அது புரியும். பழகாதவர்க்கு அது மூன்று கோடுகளே. கோடுகளுக்கு அருகில் 'பட்டி' என்ற சொல்லையும் எழுதிவிட்டால் குறை தீரும். நாள்தோறும் பலர் நாடும் இரண்டொரு பக்கங்களை மறைக்காமல் வெளியிலேயே விட்டுவைப்பதும் நன்று.

எங்கே செல்லலாம் என்று காட்டுவதோடு, இப்போது எங்கே நிற்கிறார் என்பதனையும் வாசகருக்குக் காட்டுதல் வேண்டும். தேடுபொறி வழியாக வருபவர் முகப்பு வாயிலால் வருவதில்லை. கூரையைப் பிரித்து இறங்கியவர் போல் நடு அறையில் வந்து நிற்கிறார். அவருக்காகவே, 'முகப்பு, சிறுவர் பகுதி, கதை நேரம்' என்று, அப்பக்கம் எதனுள் எது அடங்கியுள்ளது என்பதைக் காட்டும் வரியொன்றைப் பக்கத்தின் உச்சியில் வைப்பர். ஆங்கிலத்தில் அதற்கு ரொட்டித் துணுக்கு என்று பெயர். காட்டில் வழி தவறாதிருக்க ரொட்டித் துணுக்குகளைத் தூவிச் சென்ற இரு குழந்தைகளைப் பற்றிய ஜேர்மன் நாட்டுக் கதையிலிருந்து வந்த பெயர் அது. அக்கதையிலே துணுக்குகளைப் பறவைகள் தின்றுவிட்டன. இணையத்தளத்தில் அத்துணுக்குகளைத் தின்பவர், தளத்தை அமைத்தவரைத் தவிர வேறு எவருமில்லை.

ஏனெனில், தளம் வளருந்தோறும் பட்டியை மாற்றவேண்டிய நாள் வந்தே தீரும். அப்போது பழைய பக்கங்களின் முகவரிகளையும் மாற்றிவிடுவோர் பலர். ஆசிரியர் ஒருவர் தம் மாணவருக்கு எழுதிக்கொடுத்த முகவரி, ஆய்வாளர் தம் நூலிற் குறித்த முகவரி, அயல்நாட்டிலுள்ள மகள் தாய்க்கு அனுப்பிய முகவரி ஆகிய எல்லாம் அன்றோடு செத்துவிடுகின்றன. நல்ல முகவரி மாறுவதில்லை என்பதை வற்புறுத்தி, வலையை ஆக்கிய பேர்ணர்ஸ்-லீயே 1998இல் ஒரு கட்டுரை எழுதினார். மாற்றவே வேண்டுமாயின், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்குத் தானாகவே அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும். வீடு மாறியவர் தபாற்கந்தோரில் சொல்லி வைப்பதைப் போன்ற சிறு வேலையே அது. அதனைச் செய்யாது விடுவதால் இழக்கப்படும் அறிவோ சிறிதன்று. சேர்ண் நிலையத்தில் எதனைத் தடுக்க வலை பின்னப்பட்டதோ, அதே இழப்பு மீண்டும் நேர்கிறது.

பட்டி நன்கு அமைந்ததா என்று அறிவதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தளத்தை முன்பு பார்த்திராத ஒருவரை அதன்முன் அமர்த்தி, "சனிக்கிழமை நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கண்டுபிடியுங்கள்" என்று கேட்டுவிட்டு, அமைத்தவர் அருகில் வாய்திறவாமல் இருக்கவேண்டும். அவர் தடுமாறும்போது உதவத் தோன்றும், உதவலாகாது. நள்ளிரவில் வரும் வாசகருக்கு உதவ எவரும் அருகில் இருக்கப்போவதில்லை. அவர் தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு திருத்தவேண்டும். நாலைந்து பேரிடம் இவ்வாறு செய்தாலே பெரிய குறைகள் பல வெளிப்பட்டுவிடும்.

திருத்தியபின் வரும் வாசகர் நேரத்தைக் கண்டறிந்து, பக்கத்தை மூடிவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கச் செல்வார். பட்டி ஒன்று இருந்ததே அவர் நினைவில் இராது. பழைய பத்திரிகையை நாடி நூலகத்துக்கு வந்தவரும், வாயிலில் வழி சொன்னவரின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு போனவர் அல்லர். அவர் கையிலே பத்திரிகை இருந்தது.